வாசிக்காமல் தாண்டிய வரிகள்

பென்சில்வேனியாவில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடக் கார் தூரத்தில் ஒரு சின்ன வரலாற்றுச் சங்கம் இருக்கிறது. பழைய செங்கல் கட்டடம். கீழே பொருட்களைக் காட்சிக்கு வைத்திருப்பார்கள், மாடியில் ஆவண அறை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதம் அங்கே தன்னார்வலராகச் சேர்ந்தேன். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்தப் பக்கத்துப் பையன்கள் முகாமிலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களைப் படித்துத் தட்டச்சு செய்யும் வேலை. என்னிடம் கொடுத்தது ஒரே சிப்பாயின் 38 கடிதங்கள். அவன் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பத்தின் வழிவந்தவர்கள் இன்றும் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள்.

முதல் கடிதத்தில் முதல் அரை மணி நேரம் எதுவுமே புரியவில்லை. பழுப்பேறிய மை, வலப்பக்கம் படுத்துக்கொண்ட எழுத்து, எங்கே வாக்கியம் முடிகிறது என்று காட்ட ஒரு புள்ளி கிடையாது. பிறகு திடீரென்று முதல் வரி பிடிபட்டது. பேனாவைக் கையில் எடுத்துத் தெரிவித்துக்கொள்கிறேன், நான் சுகம், இந்த வரிகள் வந்து சேரும்போது நீங்களும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. இந்த வரியை நான் நூறு தடவை உரக்க வாசித்திருக்கிறேன். "நான் இங்கு நலம். அங்கு உங்கள் நலமறிய ஆவல்."

வேலூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள் அங்கே உண்டு. அண்ணன் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தபோது நான் நாலாம் வகுப்பு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அப்பா இல்லை. தபால்காரர் நீல நிற இன்லேண்ட் லெட்டரைக் கொடுத்துவிட்டுப் போனதும், அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்காருவார். பக்கத்து வீட்டு அத்தையும் வந்துவிடுவார். நான்தான் வாசிப்பேன். பதில் எழுதுவதும் நான்தான். விலாசத்தில் "56 ஏ.பி.ஓ." என்ற ராணுவத் தபால் நிலைய எண் மட்டும் இருக்கும், அண்ணன் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வாசித்து முடித்த கடிதத்தை அம்மா வாங்கி, உத்தரத்தில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தி வைப்பார். அந்தக் கம்பியில் கரண்ட் பில்லும் அண்ணன் கடிதமும் ஒன்றாகத்தான் தொங்கும்.

இந்தப் பழக்கம் எனக்கு அந்த அறையில் உதவியது. பழைய கையெழுத்தைப் படிக்கப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கடிதத்தின் நடுவில் ஆரம்பிக்காதீர்கள். எல்லோரும் எழுதும் அந்தச் சம்பிரதாய வரியைத் தேடுங்கள். அதில் என்ன வரும் என்று உங்களுக்கு முன்பே தெரியும் என்பதால், அந்த ஆள் ஒவ்வோர் எழுத்தையும் எப்படி வளைக்கிறான் என்பது அங்கே தெரிந்துவிடும். நான் ஒரு தாளில் அவனுடைய எழுத்துகளை வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் இரண்டு 'எஸ்' சேர்ந்து வந்தால் முதல் எழுத்தை நீட்டி 'எஃப்' போல எழுதுகிறவர்கள் இருந்தார்கள். தெரியாவிட்டால் ஒரு நாள் முழுக்க ஒரு சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

அடுத்தது தேதி. அவன் கடிதம் ஒன்றில் "18 ஜனவரி 1862, ஞாயிறு, ஃபால்மத் அருகே முகாம்" என்று இருந்தது. அப்படியே தட்டச்சு செய்து அடுக்கில் முதல் கடிதமாக வைத்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. வர்ஜீனியாவின் ஃபால்மத்துக்கு வடக்குப் படை, அதாவது அவன் இருந்த லிங்கன் அரசின் படை, முதன்முதலில் வந்ததே 1862 ஏப்ரலில்தான். நாட்காட்டியை எடுத்துப் பார்த்தால் 1862 ஜனவரி 18 சனிக்கிழமை, 1863 ஜனவரி 18தான் ஞாயிறு. புது வருஷம் பிறந்தும் பழைய வருஷத்தையே எழுதியிருக்கிறான், நாம் எல்லோரும் ஜனவரியில் செய்கிற தப்பு. அதிலிருந்து கிழமையையும் தேதியையும் பொருத்திப் பார்க்காமல் எந்தக் கடிதத்தையும் அடுக்குவதில்லை. "இன்ஸ்ட்." என்று வந்தால் இந்த மாதம், "அல்ட்." என்று வந்தால் போன மாதம். இந்த இரண்டு சுருக்கமும் தெரியாமல் முதல் மாதத்தில் நான் செய்த குழப்பம் கொஞ்சமில்லை.

ஃபால்மத் குளிர்காலத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிக்கு மேற்பட்ட கடிதங்கள் அங்கிருந்து எழுதியவை. 1862 டிசம்பர் 13இல் ராப்பஹானக் ஆற்றின் மறுகரையில் ஃபிரெட்ரிக்ஸ்பர்க் சண்டை நடந்தது. வடக்குப் படையில் மட்டும் 12,000 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள், காயமடைந்தார்கள், காணாமல் போனார்கள். படை ஆற்றைக் கடந்து திரும்பிவந்து இந்தக் கரையில் குளிர்காலத்துக்குக் குடிசை போட்டது. சிப்பாய்கள் தாங்களே மரம் வெட்டி, கட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பி, இடைவெளியில் சேற்றைப் பூசி, ஆளுக்குப் பாதியாகக் கொடுத்திருந்த கூடாரத் துணிகளைப் பொத்தான் போட்டு இணைத்துக் கூரையாக்கினார்கள். புகைபோக்கியும் குச்சியும் சேறும்தான். அதன் உச்சியில் அடி எடுத்த மரப்பீப்பாயைக் கவிழ்த்து வைப்பார்கள், அது அடிக்கடி தீப்பிடிக்கும். ஒரு குடிசையில் நாலு பேர்.

சாப்பாடு உப்புப் பன்றிக்கறி, அவரை விதை, காபி, அப்புறம் 'ஹார்ட்டாக்' என்ற பிஸ்கட். மாவும் தண்ணீரும் உப்பும் சேர்த்துக் கல் மாதிரி சுட்டது, மூன்று அங்குலச் சதுரம், அரை அங்குலக் கனம். ஒரு நாளைக்கு ஒன்பது பத்து கொடுப்பார்கள். துப்பாக்கிக் கட்டையால் உடைத்துக் காபியில் போட்டால் உள்ளே இருந்த வண்டு மேலே மிதக்கும், அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிப்பார்கள். நம் சிப்பாய் அம்மாவுக்கு எழுதும்போது வண்டைப் பற்றி எழுதவில்லை. காபி நன்றாக இருக்கிறது என்று மட்டும் எழுதுகிறான்.

எதிர்க்கரையில் தெற்குப் படை. அவர்களுக்கு வடக்கின் கடல் முற்றுகையால் காபியே கிடைக்காது, புகையிலை இருந்தது. இவர்களிடம் காபி இருந்தது, புகையிலை இல்லை. காவலில் நிற்கிற பையன்கள் பலகையில் சின்னப் பாய்மரம் கட்டி, காபியை ஏற்றி ஆற்றில் விடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்து புகையிலையும் செய்தித்தாளும் வரும். இதை அவன் அம்மாவுக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறான். ஐந்து வாரம் முன்பு சுட்டுக்கொண்டவர்கள். அந்தப் பக்கத்தைத் தட்டச்சு செய்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஜனவரி 20இல் மறுபடி ஆற்றைக் கடக்கக் கிளம்பினார்கள். மழை பிடித்துக்கொண்டது. பீரங்கி வண்டிகள் அச்சு வரை சேற்றில் இறங்கிவிட, இரண்டு நாளில் படை திரும்பிவிட்டது. 'சேற்று நடை' என்றே அதற்குப் பெயர். 26ஆம் தேதி தளபதி பர்ன்சைடுக்குப் பதிலாக ஹூக்கர் வந்தார். அவர் செய்த முதல் நல்ல காரியம் புது ரொட்டியும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் முகாமுக்கு வரவைத்தது, முறை வைத்து விடுப்பு கொடுத்தது. அதுவரை பையன்கள் காய்கறி இல்லாமல் ஈறு வீங்கிக் கிடந்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவன் கேட்ட பொருட்களின் பட்டியல் எனக்குப் புரிந்தது. டிசம்பர் கடைசிக் கடிதத்தில் ஒரு பெட்டி அனுப்பச் சொல்கிறான். வெங்காயம், ஊறுகாய், காய்ந்த ஆப்பிள், கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, மிளகு. உடம்பு நன்றாக இருக்கிறது என்றும் எழுதுகிறான். முதலில் பார்த்தபோது ஏதோ ஊர்ச் சாப்பாட்டு ஆசை என்று நினைத்தேன். வெங்காயமும் ஊறுகாயும் கேட்கிறவனுக்கு ஈறில் ரத்தம் வந்திருக்கலாம். மிளகு கேட்கிறவனுக்கு வயிறு சரியில்லாமல் இருந்திருக்கலாம். சிப்பாயின் கடிதத்தில் "நான் சுகம்" என்ற வரியை விட்டுவிட்டு, என்ன அனுப்பச் சொல்கிறான் என்று பாருங்கள். அண்ணன் ஒரு தடவை "வேப்பெண்ணெய் ஒரு சின்ன பாட்டில்" கேட்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எங்களில் யாரும் யோசிக்கவில்லை. பனியில் காலில் புண்.

சொற்களில் நான் ஏமாந்தது பல தடவை. 'சிங்க்ஸ்' தோண்டினோம் என்று எழுதியிருந்தான், பாத்திரம் கழுவும் தொட்டி என்று குறிப்பு எழுதினேன். அது கழிப்பறைக் குழி. 'கிரேபேக்ஸ்' என்றால் சில இடத்தில் தெற்குச் சிப்பாய்கள், சில இடத்தில் சட்டைத் தையலில் இருக்கும் பேன். 'யானையைப் பார்த்துவிட்டேன்' என்றால் முதல் சண்டையைப் பார்த்துவிட்டான். 'குயிக்ஸ்டெப்' என்பது நடை அல்ல, பேதி. அந்தப் பேதியும் சீதபேதியும் டைபாய்டும் தட்டம்மையும் குண்டைவிட அதிகப் பேரைக் கொன்றன. போரில் இறந்தவர்கள் 6,20,000 என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள், பின்னாளில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 7,50,000 வரை இருக்கலாம் என்று கணித்தார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நோயால் என்பது பொதுவான கணக்கு.

எழுத்துப் பிழைகளைத் திருத்தக் கூடாது. நான் திருத்தினேன். இருபது கடிதங்களை நல்ல ஆங்கிலத்தில் அழகாகத் தட்டச்சு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். சங்கத்தில் மேற்பார்வை பார்த்த அம்மையார் அவ்வளவையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "இது உங்கள் குரல், அவனுடையது எங்கே?" என்று கேட்டார். மொத்தத்தையும் மறுபடி செய்தேன். அவன் காதில் விழுந்தபடி எழுதுகிறவன், அவன் பிழைகளில்தான் அவன் பேச்சு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. 1863 ஜனவரி 1இல் லிங்கன் அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதைப் பற்றி இவன் எழுதிய பத்தியில் கறுப்பின மக்களைக் குறித்து ஒரு கேவலமான சொல் இருக்கிறது. எனக்கு இவன் மேல் பாசம் வந்துவிட்டது, அந்தச் சொல்லை மறைக்க மனசு துடித்தது. மறைக்கவில்லை. அந்தப் போர் எதற்காக நடந்தது என்பதையும், அதை நடத்தியவர்களிலேயே பலர் எப்படி நினைத்தார்கள் என்பதையும் அந்தச் சொல் சொல்கிறது.

வடக்குப் படையில் சுமார் 1,79,000 கறுப்பினச் சிப்பாய்கள் சேர்ந்தார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர் கொடுத்தபோது அவர்களுக்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தார்கள். 1864இல்தான் சமச் சம்பளச் சட்டம் வந்தது. தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே குற்றம். அங்கிருந்து தப்பி வந்து படையில் சேர்ந்தவர்களில் பலர் முகாமில்தான் முதன்முதலில் எழுத்துக் கூட்டப் படித்தார்கள். எங்கள் ஆவண அறையில் அவர்கள் கடிதம் ஒன்றுகூட இல்லை. பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அது என்னை உறுத்துகிறது.

வீட்டிலிருந்து போன பதில்களும் கிடைப்பது அரிது. சிப்பாய் முதுகுச் சுமையில் எவ்வளவுதான் தூக்குவான்? நனைந்து போகும், அல்லது வேறு யார் கையிலும் சிக்க வேண்டாம் என்று அவனே எரித்துவிடுவான். ஒருபக்கப் பேச்சைக் கேட்டு மறுபக்கத்தை ஊகிப்பதுதான் இந்த வேலை.

1863 பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் கடிதங்கள் தொடர்ச்சியாக இல்லை. வாரம் ஒன்று எழுதுகிறவன் திடீரென்று மூன்று வாரம் எழுதவில்லை. சோம்பலா, நோயா? பிறகு ஏப்ரல் கடைசியில் வேறு கையெழுத்தில் ஒரு கடிதம். குடிசைக்கூட்டாளி எழுதியது. டைபாய்டு, ஒன்பது நாள், கடைசியில் நினைவு இல்லை, உடைமைகளை அனுப்பிவைக்கிறேன். அத்தோடு முடிகிறது. வயது 21.

இடைவெளி இருந்தால் எழுதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள், யாரோ எடுத்திருக்கலாம் என்று தேடுங்கள். 1862 ஜூலையில் வந்த ஓய்வூதியச் சட்டப்படி, மனைவியும் பிள்ளையும் இல்லாத சிப்பாய் இறந்தால், அவன் சம்பாத்தியத்தை நம்பியிருந்த தாய் மாதம் 8 டாலர் கேட்கலாம். நம்பியிருந்தேன் என்று சொன்னால் போதாது, நிரூபிக்க வேண்டும். ரசீதா இருக்கும்? பல தாய்மார்கள் மகன் எழுதிய கடிதங்களையே சாட்சியாகக் கொடுத்தார்கள். கொடுத்தது திரும்பி வரவில்லை. வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஓய்வூதியக் கோப்புகளில் அவை இன்றும் இருக்கின்றன, பல கோப்புகளை இப்போது கணினியிலேயே பார்க்கலாம்.

அவனுடைய அம்மாவின் கோப்பைத் தேடிப் பிடித்தேன். உள்ளே நாலு கடிதங்கள். விடுபட்ட அதே வாரங்கள். நாலிலும் பணப் பேச்சு. பல மாதமாக வராத சம்பளம் வந்துவிட்டது, இருபது டாலர் அனுப்புகிறேன், மாவுக் கடைக் கடனைக் கொடுத்துவிடு, உனக்குச் செருப்பு வாங்கிக்கொள். மகன் எழுதியதில் அவளுக்கு மிகவும் பிரியமானவை இவையாகத்தான் இருந்திருக்கும். அந்த நாலையும்தான் அவள் பிரித்துக் கொடுத்திருக்கிறாள்.

கோப்பின் கடைசித் தாள் அவளுடைய சத்தியப் பத்திரம். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. அதன் இருபக்கமும் குமாஸ்தா அவள் பெயரை எழுதி, மேலே "அவளுடைய குறி" என்று போட்டிருக்கிறார். எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அண்ணனின் மணியார்டரைக் கொண்டுவரும் தபால்காரர் அம்மாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றிப் படிவத்தில் அழுத்துவார். வெளியே போனதும் அம்மா அந்த விரலைத் தலையில் தேய்த்துக்கொள்வார்.

அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது! அப்படியானால் 38 கடிதங்களையும் யார் வாசித்தார்கள்? திரும்ப எடுத்துப் பார்த்தேன். மூன்று உறைகளுக்குள் சின்னதாக மடித்த தனித் தாள் உண்டு, தங்கைக்கு. அவளுக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் தங்கைப் பாசம் என்று நினைத்து ஓரமாக வைத்திருந்தேன். அந்தத் தாள்களில்தான் மூன்று வாரமாகப் பேதி, குடிசையில் பக்கத்தில் படுத்திருந்தவன் செத்துப்போனது, ராத்திரி தூக்கம் வராதது எல்லாம் இருக்கின்றன. இதை நீ மட்டும் படி என்று மேலே எழுதியிருக்கிறான். பெரிய தாள் அம்மா எதிரில் உரக்க வாசிப்பதற்கு. அம்மாவிடம் சொல்லக்கூடாத வரிகளை அந்தப் பெண் வாசிக்கும்போது தாண்ட வேண்டியதில்லாதபடி, தனியே எடுத்துக் கொடுத்துவிட்டான்.

நான் தாண்டினேன். எனக்கு யாரும் தனித் தாள் தரவில்லை. காய்ச்சல், பனியில் கூட வந்தவரின் விரலை எடுத்தது, இந்த மாதம் ரொம்பக் கஷ்டம் என்ற வரிகள் வரும்போது கண் முன்னால் ஓடி, வாய் அடுத்த வரிக்குப் போய்விடும். அம்மா சந்தேகப்பட்டு "அவ்வளவுதானா?" என்பார். "அவ்வளவுதாம்மா."

தட்டச்சு முடிந்த வாரம் எங்கள் வீட்டுக் கடிதங்களை வரவழைத்தேன். அம்மா இறந்த பிறகு கம்பியோடு அண்ணன் எடுத்து வைத்திருந்தார். நடுவில் துளை, துளையைச் சுற்றித் துரு. ஒன்றை மட்டும் நான் முன்பு ஒரு விடுமுறையில் எடுத்துவந்து லேமினேட் செய்திருந்தேன், அது மஞ்சளாகி எழுத்து மங்கிவிட்டது, இனிப் பிரிக்கவும் முடியாது. வீட்டில் பழைய கடிதம் வைத்திருக்கிறவர்கள் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். கம்பியிலிருந்தும் ரப்பர் பேண்டிலிருந்தும் குண்டூசியிலிருந்தும் கழற்றுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டு மடிப்பைப் பிரித்து நேராக வையுங்கள், அமிலமில்லாத தாள் உறை கிடைத்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் ஆகாது, சூட்டில் தாள் நொறுங்கும். ஈரச் சுவரை ஒட்டிய பீரோவும் ஆகாது, ராமபாணப் பூச்சி வரும். விலாசப் பக்கமும் முத்திரையும் சேர்த்து இரண்டு பக்கமும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். எழுதியவர் இருக்கும்போதே கூட உட்கார்ந்து யார் யார் என்று கேட்டு, வேறு தாளில் பென்சிலால் எழுதுங்கள். இந்த வேலையை வெளியிலும் செய்ய விருப்பமுள்ளவர்களுக்கு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2018இல் 'பை தி பீப்பிள்' என்ற திட்டத்தைத் தொடங்கியது, எந்த ஊரிலிருந்தும் கணினியில் பழைய தாள்களைப் படித்துத் தட்டச்சு செய்யலாம். அதில் போரில் வலது கையை இழந்த சிப்பாய்கள் இடது கையால் எழுதிய கையெழுத்துப் போட்டித் தாள்களும் வந்தன. கையெழுத்து பல இடங்களில் அவ்வளவு அழகு.

அண்ணனோடு போனில் ஒவ்வொரு கடிதமாகப் போனோம். பாதியில் சொல்லிவிட்டேன், கஷ்டமான வரிகளை நான் அம்மாவுக்கு வாசிக்கவே இல்லை என்று. ஐம்பது வருஷத்துக்கு மேலாக வைத்திருந்தது.

"தெரியும்டா," என்றார். "நீ வாசிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் எழுதினேன். யார்கிட்டயாவது சொல்லணும்ல."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவரே கேட்டார். "அந்தப் பொண்ணு அவனுக்குப் பதில் எழுதிச்சா?"

எழுதியிருக்கிறாள். அவள் கடிதங்கள் இல்லை. ஆனால் மார்ச் மாதத் தனித் தாளில் அவன் சொல்லியிருக்கிறான், பாப்பா, உன் கையெழுத்து இப்போது ரொம்பத் தெளிவாகிவிட்டது என்று.